ஸ்கேன் ஆகாத அந்த ஒரு ஃபைல்!

இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். நடுவில் சிரிப்பு வந்தால் தாராளமா சிரிச்சுக்கோங்க. ஆனா, கடைசி வரைக்கும் படிச்சுடுங்க. ஏன்னா, இந்தக் கதையில் பல்பு வாங்கினது வேற யாரும் இல்லை... சாட்சாத் நானேதான்!

எங்க ஹாஸ்டலில் என் ரூமுக்கு எதிர் ரூமில் ஒரு தேனிக்காரன் இருக்கான். மெக்கானிக்கல், மூணாவது வருஷம். பேர் வேண்டாம், 'தேனி'ன்னே வெச்சுக்குவோம். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதால், எங்க ஃப்ளோரில் யார் லேப்டாப்புக்குக் காய்ச்சல் வந்தாலும் கேஸ் என்கிட்டதான் வரும். கன்சல்டிங் ஃபீஸ் ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட்.

போன செமஸ்டரில் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கதவை உடைக்காத குறையா தட்டினான். "மச்சி... இன்டர்ன்ஷிப் மெயில் வந்திருக்குடா! மாசம் பதினஞ்சாயிரம் ஸ்டைபெண்டாம்!"

மெயிலில் ஒரு ஜிப் ஃபைல். 'உள்ளே ஆன்லைன் டெஸ்ட்டுக்கான சாஃப்ட்வேர் இருக்கிறது. ரகசியம் கருதி பாஸ்வேர்டு போட்டிருக்கிறோம். பாஸ்வேர்டு கீழே' என்று பக்காவாக இங்கிலீஷில் எழுதியிருந்தது. நாலு எண். அவ்வளவுதான்.

"எதுக்கும் ஒருதடவை ஸ்கேன் பண்ணிப் பாருடா"ன்னு கேட்டான். நல்ல பிள்ளை, கேட்டான். நான் ரைட் க்ளிக் பண்ணேன், ஸ்கேன் கொடுத்தேன். மூணே செகண்ட். பச்சை கலர் டிக் வந்தது. 'ஆபத்து எதுவும் இல்லை.'

"க்ளீன்டா. நிம்மதியா எழுது"ன்னு சொல்லிட்டு, படிச்சுக்கிட்டிருந்த ரெக்கார்டு நோட்டுக்குத் திரும்பிட்டேன்.

பச்சை டிக்குக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. 'ஸ்கேன் செய்ய முடியாத ஃபைல்கள்: 1.' அதை நான் படிக்கலை. ஃப்ரெண்ட்ஸ், ஸ்கேன் பண்ணச் சொன்னதே ஒரே ஒரு ஃபைலைத்தான். அந்த ஒரு ஃபைலைத்தான் அது ஸ்கேனே பண்ணலை!

அப்புறம் என்ன ஆச்சு?

ஜிப்பைத் திறந்தா, உள்ளே 'எப்படி இன்ஸ்டால் செய்வது' என்று ஒரு குறிப்பு. 'எங்கள் டெஸ்ட் சாஃப்ட்வேர் திரையைக் கண்காணிக்கும். அதனால் சில ஆன்டி வைரஸ்கள் தவறாக எச்சரிக்கும். டெஸ்ட் முடியும்வரை ஆன்டி வைரஸை ஆஃப் செய்துவிடவும்.' தேனி ஆஃப் பண்ணிட்டான். டபுள் க்ளிக் பண்ணான். ஏதோ ஒரு விண்டோ வந்தது, மறைஞ்சது. டெஸ்ட் வரவே இல்லை. 'சர்வர் பிரச்னை போல'ன்னு தூங்கப் போயிட்டான்.

மறுநாள் மத்தியானம் மெஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அவன் சித்தப்பா போன். தேனியில் டூ வீலர் மெக்கானிக் கடை வெச்சிருக்கார். "ஏம்ப்பா, ஃபீஸ் கட்டிட்டியா? பணம் வந்து சேர்ந்துச்சா?"ன்னு கேட்டிருக்கார். "எந்தப் பணம் சித்தப்பா?"ன்னு இவன் கேட்க, லைன்ல சத்தமே இல்லை.

நடந்தது இதுதான். அந்த ப்ரோக்ராம், அவன் ப்ரவுசரில் சேமிச்சு வெச்சிருந்த பாஸ்வேர்டுகளையும், லாக்-இன் ஆகியிருந்த அடையாளங்களையும் அள்ளிட்டுப் போயிருக்கு. யாரோ அவன் அக்கௌன்ட்டுக்குள்ளே புகுந்து, அவனாகவே நடிச்சு, 'அர்ஜென்ட், செமஸ்டர் ஃபீஸ், இன்னிக்கு கடைசி நாள்'னு பத்துப் பதினஞ்சு பேருக்கு மெசேஜ் தட்டியிருக்காங்க. மத்தவங்க எல்லாம் சந்தேகப்பட்டு விட்டுட்டாங்க. சித்தப்பா மட்டும் உடனே 12,000 ரூபாய் அனுப்பிட்டார். தன் பொண்ணோட ஸ்கூல் ஃபீஸுக்கு எடுத்து வெச்ச பணம்.

தேனி என்னைத் திட்டலை. அதுதான் கஷ்டமா இருந்தது. ஒரே ஒரு தடவை சொன்னான்: "நீ க்ளீன்னு சொன்ன தைரியத்துலதான்டா ஆன்டி வைரஸை ஆஃப் பண்ணேன்."

அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. அந்தப் பொடி எழுத்து வரிக்கு என்னதான் அர்த்தம்னு உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

நம்ம வாட்ச்மேன் தாத்தா!

ஆன்டி வைரஸை ஹாஸ்டல் கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் தாத்தான்னு வெச்சுக்கோங்க. அவர்கிட்ட ஒரு நோட்டு இருக்கும். ஏற்கெனவே மாட்டின ஆசாமிகளோட அங்க அடையாளங்கள் எல்லாம் அதில் இருக்கும். உள்ளே வர்ற ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்து, நோட்டோட ஒப்பிடுவார். ஆள் புதுசா இருந்தா, நடை உடை பாவனையைப் பார்த்துச் சந்தேகப்படுவார். இதுதான் ஸ்கேன்.

இதுக்கெல்லாம் முதல் கண்டிஷன், பையைத் திறக்க முடியணும்! பூட்டு போட்ட டிரங்குப் பெட்டியோட ஒருத்தன் வந்து நின்னா தாத்தா என்ன செய்வார்? 'பெட்டியில் தப்பு எதுவும் இல்லை'ன்னு எழுதுவாரா? 'பெட்டியைப் பார்க்க முடியலை'ன்னுதானே எழுதுவார்? ரெண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 'பார்த்தேன், இல்லை' வேற. 'பார்க்கவே இல்லை' வேற. நான் ரெண்டாவதை முதலாவதா படிச்சுட்டேன்.

அதுக்காக, ஸ்கேன் ஆகாத ஃபைல் எல்லாமே வில்லன்னு பயந்துடாதீங்க. உங்க கம்ப்யூட்டர் முழுசையும் ஸ்கேன் பண்ணினா, ஸ்கேன் ஆகாத ஃபைல்கள் கொஞ்சமாவது இருக்கறது சகஜம். பாதிக்கு மேல சாதுவான பிராணிகள்தான். யார் யார்னு ஒரு ரவுண்டு பார்த்துடுவோமா?

சாது நம்பர் 1: விண்டோஸின் சொந்தச் சரக்கு

சி டிரைவில் மறைஞ்சு கிடக்கும் ரெண்டு ஃபைல்கள் உண்டு. பேஜ்ஃபைல்.சிஸ், ஹைபர்ஃபில்.சிஸ். ரேம் நிரம்பி வழியும்போது, அதில் கொஞ்சத்தைத் தூக்கி ஹார்டு டிஸ்க்கில் வைக்க விண்டோஸ் பயன்படுத்துவது முதல் ஃபைல். லேப்டாப்பை ஹைபர்னேட் பண்ணும்போது ரேமில் இருப்பதைச் சுருக்கி எழுதி வைப்பது ரெண்டாவது. ரெண்டையும் விண்டோஸ் தன் கையிலேயே இறுக்கிப் பிடிச்சுக்கும். மத்த ப்ரோக்ராம் எதுவும் திறக்க முடியாது. ஆன்டி வைரஸும்தான்.

திறந்தாலும் பெரிசா பிரயோஜனம் இல்லை. அதில் இருப்பது ரேமின் துண்டு துணுக்குகள். ரேமில் என்ன ஓடுதுன்னு பார்க்கணும்னா ஆன்டி வைரஸ் நேரா ரேமையே பார்த்துக்கும்.

எங்க ஜூனியர் ஒருத்தன் இந்த ஹைபர்ஃபிலைப் பார்த்து, "அண்ணா, மூணு ஜிபி சைஸுல ஒரு வைரஸ் உட்கார்ந்திருக்கு. டெலிட்டும் ஆக மாட்டேங்குது"ன்னு அழாத குறையா ஓடி வந்தான். "தம்பி, அது வைரஸ் இல்லை. உன் லேப்டாப் தூங்குற பாய். விட்டுடு"ன்னு அனுப்பி வெச்சேன்.

சாது நம்பர் 2: யாரோ யூஸ் பண்ணிட்டு இருக்காங்க!

டேட்டாபேஸ் ஓடிக்கிட்டிருக்கும்போது அதோட ஃபைல், விர்ச்சுவல் மெஷின் ஓடும்போது அதோட டிஸ்க் ஃபைல் இதெல்லாம் சில சமயம் ஸ்கேனுக்குச் சிக்காது. டி.பி.எம்.எஸ். லேப் ப்ராஜெக்ட் பண்றவங்க பார்த்திருப்பீங்க. அந்த ப்ரோக்ராமை மூடிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணினா பிரச்னை தீர்ந்தது.

சாது நம்பர் 3: 'உனக்கு அனுமதி இல்லை'

ஒரே கம்ப்யூட்டரில் அண்ணனுக்கு ஒரு அக்கௌன்ட், தங்கைக்கு ஒரு அக்கௌன்ட் இருந்தா, ஒருத்தர் ஃபோல்டரை இன்னொருத்தர் பார்க்க முடியாது. விண்டோஸ் தனக்குன்னு பூட்டி வெச்சிருக்கிற ஃபோல்டர்களும் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டரா லாக்-இன் ஆகி ஸ்கேன் பண்ணினா இதில் பல ஃபைல்கள் லிஸ்டிலிருந்து காணாமப் போயிடும்.

சாது நம்பர் 4: அரைகுறை டவுன்லோடு

ஹாஸ்டல் வைஃபை பாதியில் புட்டுக்கிச்சுன்னா, ஜிப் ஃபைல் பாதிதான் வந்திருக்கும். ஜிப்பில் உள்ளே என்னென்ன இருக்குங்கிற லிஸ்ட் ஃபைலின் கடைசியில்தான் இருக்கும். வால் வரலைன்னா லிஸ்ட்டே இல்லை. ஆன்டி வைரஸ் கையை விரிச்சுடும். அழிச்சுட்டு மறுபடி டவுன்லோடு பண்ணுங்க, அவ்வளவுதான்.

இனிமேதான் கொஞ்சம் வில்லங்கமான பார்ட்டிகள்.

42 கேபி பூதம்!

பாக்கெட்டில் வைக்கிற சைஸில் ஒரு ஜிப். பேரு 42.ஜிப். எடை வெறும் 42 கேபி. உங்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோகூட அதைவிட பெரிசா இருக்கும். திறந்தா உள்ளே 16 ஜிப். ஒவ்வொண்ணுக்குள்ளேயும் 16. இப்படி அஞ்சு அடுக்கு. 16-ஐ அஞ்சு தடவை பெருக்கிப் பாருங்க, 10,48,576 வரும். கடைசி அடுக்கில் ஒவ்வொண்ணும் விரிஞ்சா 4 ஜிபிக்கு மேல. மொத்தம் சுமார் 45 லட்சம் ஜிபி! 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் 4,500 வாங்கினாத்தான் உள்ளே இருக்கிறதை வெளியே கொட்ட முடியும்.

எப்படி சாத்தியம்? ஒரே எழுத்தைக் கோடிக்கணக்கில் எழுதினா, 'இதே எழுத்து, இத்தனை கோடி தடவை'ன்னு ஒரே வரியில் சுருக்கிடலாம் இல்லையா, அந்த டெக்னிக்தான். 2019-ல் டேவிட் ஃபைஃபீல்ட் என்ற ஆராய்ச்சியாளர் அடுக்கு எதுவும் இல்லாமலே இதைச் செய்யலாம்னு காட்டினார். அவர் செய்த 10 எம்பி ஜிப் ஒண்ணு விரிஞ்சா 281 டெராபைட்!

இதோட குறி நீங்க இல்லை, உங்க ஆன்டி வைரஸ். 'உள்ளே என்ன?'ன்னு தாத்தா பெட்டிக்குள் பெட்டியா திறந்துக்கிட்டே போய் மயக்கம் போட்டு விழணும். அந்த கேப்பில் வேற யாராவது கேட் வழியா உள்ளே போகலாம். அதனாலதான் ஆன்டி வைரஸ்கள் 'இத்தனை அடுக்கு வரைக்கும், இத்தனை சைஸ் வரைக்கும்தான் திறப்பேன்'னு ஒரு லிமிட் வெச்சிருக்கு. லிமிட்டைத் தாண்டினா 'டிகம்ப்ரெஷன் பாம்'னு போர்டு மாட்டிட்டு ஒதுங்கிடும். நல்லா சுருங்கக்கூடிய அப்பாவி ஃபைல்களும் சில நேரம் இந்த லிஸ்டில் மாட்டும். பேரில் 'பாம்' இருக்குன்னு பதறாதீங்க. எங்கிருந்து வந்ததுன்னு பாருங்க.

தொப்பை வெச்ச திருடன்!

அந்த லிமிட்டையே ஆயுதமா மாத்தினவங்களும் இருக்காங்க. பெரிய ஃபைல்னா ஸ்கேன் பண்ண நேரமாகும் என்பதால், பல இடங்களில் 'இந்த சைஸுக்கு மேல பார்க்க மாட்டோம்'னு எல்லை உண்டு. கூகுள் டிரைவ் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை வைரஸ் ஸ்கேன் பண்ணாது. டவுன்லோடு பண்ணும்போது அதைச் சொல்லவும் சொல்லும். நாமதான் 'டவுன்லோடு எனிவே'யை அழுத்திட்டு டீ குடிக்கப் போயிடுவோம்!

2023 மார்ச்சில் எமோடெட் என்ற கும்பல் இதைத்தான் செஞ்சது. வேர்டு டாக்குமென்ட்டின் வாலில் வெறும் பூஜ்யங்களைத் திணிச்சு 500 எம்பிக்கு மேல ஊத வெச்சாங்க. மெயிலில் எப்படி அனுப்புவாங்கன்னு கேட்கறீங்களா? பூஜ்யங்களை ஜிப் பண்ணினா சுருங்கிடுமே! போகும்போது ஒல்லி, வெளியே வரும்போது தொப்பை.

வாங்க, பாஸ்வேர்டு ஜிப்புக்கு!

தேனியைக் கவுத்தது இதுதான். பாஸ்வேர்டு போட்டு ஜிப் பண்ணும்போது உள்ளே இருப்பது என்கிரிப்ட் ஆகிடும். வெளியிலிருந்து பார்த்தா தாறுமாறா கலைச்சுப் போட்ட எண்கள் மாதிரிதான் தெரியும். தாத்தாவோட நோட்டில் இருக்கும் எந்த அடையாளமும் அதில் பொருந்தாது. ஒரு விஷயம் மட்டும் தப்பிக்காது. சாதாரண ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டாலும், உள்ளே இருக்கும் ஃபைல்களோட பேர் வெளியே தெரியும். செவன்-ஜிப், ஆர்.ஏ.ஆர். வகைகளில் பேரையும் மறைக்க முடியும்.

இது புது டெக்னிக் இல்லை, ஃப்ரெண்ட்ஸ். 2004 மார்ச்சிலேயே பேகிள்னு ஒரு வோர்ம் இதை வெச்சு உலகத்தை ஒரு ஆட்டு ஆட்டிச்சு. பாஸ்வேர்டு போட்ட ஜிப்பில் தன்னை வெச்சுக்கிட்டு, பாஸ்வேர்டை மெயிலிலேயே எழுதி அனுப்பும். ஆன்டி வைரஸ்காரங்க சும்மா இருப்பாங்களா? மெயிலில் எழுதியிருக்கிற பாஸ்வேர்டைப் படிச்சு ஜிப்பைத் திறக்கக் கத்துக்கிட்டாங்க. உடனே பேகிள் எழுதினவங்க பாஸ்வேர்டை எழுத்தா இல்லாம படமா அனுப்ப ஆரம்பிச்சாங்க. மனுஷக் கண்ணுக்குத் தெரியும், ப்ரோக்ராமுக்குத் தெரியாது!

2020-ல் எமோடெட்டும் பாஸ்வேர்டு ஜிப்பைக் கையில் எடுத்தது. அதே வருஷம் ஜப்பானில் ஒரு சுவாரஸ்யம். அங்கே ஆபீஸ்களில், முதல் மெயிலில் பாஸ்வேர்டு ஜிப், அடுத்த மெயிலில் பாஸ்வேர்டுன்னு அனுப்புறது ரொம்ப நாள் சம்பிரதாயம். 2016-ல் உலகத்தையே கலக்கின ஒரு ஜப்பான் பாட்டின் பேரை வெச்சு, இதை 'பிபிஏபி'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. பூட்டும் சாவியும் ஒரே ரோட்டில் வந்தா திருடனுக்கு ரெண்டும் கிடைக்கும். ஆன்டி வைரஸுக்கோ ஒண்ணும் தெரியாது. 2020 நவம்பரில், அமைச்சரவை அலுவலகத்தில் இந்தப் பழக்கத்தை நிறுத்தறோம்னு அமைச்சர் ஹிராய் தகுயா அறிவிச்சார்.

இப்ப தேனிக்கு வந்த மெயிலை நினைச்சுப் பாருங்க. பாஸ்வேர்டும் ஜிப்பும் ஒரே மெயிலில்! ரகசியத்தைக் காப்பாத்த போட்ட பூட்டா இருந்தா, சாவியை அதே பெட்டி மேல ஒட்டி அனுப்புவாங்களா? அந்தப் பூட்டு திருடனைத் தடுக்கப் போட்டதில்லை. வாட்ச்மேனைத் தடுக்கப் போட்டது. இந்த ஒரு கேள்வி அன்னிக்கு எனக்குத் தோணியிருந்தா, 12,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

நீங்களே செஞ்சு பார்க்க ஒரு எக்ஸ்பெரிமென்ட்!

நம்ப மாட்டேன்னு சொல்றவங்களுக்கு ஒரு பத்து நிமிஷ லேப். ஐகார் டெஸ்ட் ஃபைல்னு ஒண்ணு உண்டு. ஐரோப்பிய ஆன்டி வைரஸ் ஆராய்ச்சி அமைப்பான ஐகார் வெளியிட்டது. மொத்தமே 68 எழுத்துகள். எந்தக் கெடுதலும் பண்ணாது. ஆனா, ஆன்டி வைரஸ் வேலை செய்யுதான்னு சோதிக்க, எல்லாரும் இதை வைரஸ் மாதிரியே பிடிக்கணும்னு பேசி வெச்சிருக்காங்க. ஃபயர் டிரில் மாதிரி! அந்த அமைப்போட சைட்டிலேயே பாஸ்வேர்டு போடாத ஜிப்பாவும் கிடைக்கும்.

முதல் ஸ்டெப், ஆன்டி வைரஸ் ஆனில் இருக்கும்போதே அதை டவுன்லோடு பண்ணிப் பாருங்க. ஜிப்புக்குள் இருந்தாலும் 'லபக்'குனு பிடிக்கும். ரெண்டாவது, அதே ஃபைலை பாஸ்வேர்டு போட்டு ஜிப் பண்ணி ஸ்கேன் பண்ணுங்க. (பாஸ்வேர்டு ஜிப் செய்யறதுக்குள்ளேயே ஆன்டி வைரஸ் ஃபைலைத் தூக்கிட்டுப் போயிடும். ஒரே ஒரு டெஸ்ட் ஃபோல்டரை மட்டும் விதிவிலக்கா வெச்சுட்டு, முடிஞ்சதும் மறக்காம அந்த விலக்கை எடுத்துடுங்க.) இந்தத் தடவை தாத்தா கம்முனு இருப்பார். மூணாவது, வேற ஃபோல்டரில் பாஸ்வேர்டு கொடுத்துப் பிரிங்க. ஃபைல் வெளியே தலை நீட்டின அடுத்த நொடி, மறுபடி 'லபக்'!

புரியுதா? பூட்டின பெட்டிக்குள் இருக்கும்வரை அவராலும் பார்க்க முடியாது, அந்த வைரஸாலும் எதுவும் செய்ய முடியாது. பெட்டியைத் திறக்கும் அந்த நொடிதான் தாத்தா விழிச்சிருக்க வேண்டிய நொடி. அதனாலதான் அந்த மெயில்காரன் 'ஆன்டி வைரஸை ஆஃப் பண்ணு'ன்னு சொன்னான். பூட்டு பாதி வேலை, ஆஃப் பண்ணச் சொன்னது மீதி வேலை.

முக்கியக் குறிப்பு: இதைக் காலேஜ் லேப் கம்ப்யூட்டரில் சோதிக்காதீங்க. லேப் இன்சார்ஜ் சாருக்கு எச்சரிக்கை போய், 'சார், ஒரு ஆர்ட்டிகிளுக்காக...'ன்னு இழுத்துக்கிட்டு நின்ன அனுபவஸ்தன் சொல்றேன்.

சரி, ஸ்கேன் ஆன ஃபைல்?

ஸ்கேன் ஆகி, 'க்ளீன்'னு வந்தாலும் அது நூத்துக்கு நூறு சத்தியவாக்கு இல்லை. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பரில் 'அன்டிசைடபிள்'னு ஒரு சேப்டர் வருமே, நாம எல்லாரும் சாய்ஸில் விடுவோமே... அது இங்கே வந்து நிக்குது. ஃப்ரெட் கோஹன் என்பவர் 1984-லேயே, எல்லா வைரஸையும் தப்பே இல்லாமக் கண்டுபிடிக்கிற ஒரு ப்ரோக்ராம் எழுதவே முடியாதுன்னு காட்டிட்டார்.

லாஜிக் ரொம்ப சிம்பிள். அப்படி ஒரு சூப்பர் ப்ரோக்ராம் இருக்குன்னு வெச்சுக்குவோம. நான் ஒரு குறும்புக்கார ப்ரோக்ராம் எழுதறேன். அது முதல்ல சூப்பர் ப்ரோக்ராம்கிட்ட போய், 'நான் வைரஸா?'ன்னு கேட்கும். 'ஆமா'ன்னு பதில் வந்தா சும்மா உட்கார்ந்துடும். 'இல்லை'ன்னு வந்தா பரவ ஆரம்பிக்கும். இப்ப சூப்பர் ப்ரோக்ராம் எந்தப் பதில் சொன்னாலும் தப்பு!

அதுக்காக ஆன்டி வைரஸே வேஸ்ட்னு கிளம்பிடாதீங்க. தாத்தா முக்காவாசித் திருடங்களைப் பிடிக்கத்தான் செய்யறார். மீதிக்கு நாமும் கொஞ்சம் கண்ணைத் திறந்து வெச்சிருக்கணும்.

செய்ய வேண்டியது என்ன?

ஒண்ணு: பச்சை டிக்கோட நிறுத்தாதீங்க. டீடெய்ல்ஸை க்ளிக் பண்ணி, எந்த ஃபைல் ஸ்கேன் ஆகலை, ஏன் ஆகலைன்னு படிங்க. சிஸ்டம் ஃபைலா? விட்டுடுங்க. நேத்து வந்த ஜிப்பா? நில்லுங்க.

ரெண்டு: அது எப்படி உங்ககிட்ட வந்ததுன்னு கேளுங்க. ப்ரொஃபசர் நேரில் பாஸ்வேர்டு சொல்லி அனுப்பின கொஸ்டின் பேங்க் வேற. முகம் தெரியாதவன் பூட்டையும் சாவியையும் சேர்த்து அனுப்பினது வேற. சந்தேகம்னா அந்த மெயிலுக்கு ரிப்ளை பண்ணிக் கேட்காதீங்க. நமக்கே தெரிஞ்ச நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்க.

மூணு: ஃபைலோட முழுப் பேரையும் பாருங்க. விண்டோஸ் வழக்கமா கடைசி மூணு எழுத்து எக்ஸ்டென்ஷனை மறைச்சுடும். 2000 மே மாதம் உலகத்தையே அலற வெச்ச 'ஐ லவ் யூ' வோர்ம், 'டிஎக்ஸ்டி'ன்னு காட்டிட்டு, பின்னாடி 'விபிஎஸ்'ஸை ஒளிச்சு வெச்சுதான் வந்தது. வியூ மெனுவில் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லி டிக் பண்ணுங்க. 'ஆஃபர் லெட்டர்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ'ன்னு பல்லிளிச்சா, அது ஆஃபர் இல்லை, ஆப்பு!

நாலு: எந்தக் காரணத்துக்கும் யாரோ சொன்னாங்கன்னு ஆன்டி வைரஸை ஆஃப் பண்ணாதீங்க. அப்படிக் கேட்டாலே அதுதான் அலாரம்.

அஞ்சு: செகண்ட் ஒப்பீனியன் வேணும்னா வைரஸ்டோட்டல் இருக்கு. 2004-ல் ஆரம்பிச்சு, 2012-ல் கூகுள் வாங்கினது. நிறைய ஆன்டி வைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஆனா, பாஸ்வேர்டு ஜிப்பை அப்படியே கொடுத்தா அங்கேயும் ஏமாற்றம்தான். இன்னொண்ணு, அங்கே ஏத்தற ஃபைல் மத்த செக்யூரிட்டி நிறுவனங்கள் கைக்கும் போகும். ஆதார், மார்க் ஷீட் எல்லாம் ஏத்திடாதீங்க.

ஆறு: உள்ளே ஏதோ புகுந்துடுச்சுன்னு சந்தேகமா? விண்டோஸ் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு. விண்டோஸ் முழுசா எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே ஸ்கேன் பண்றதால, ஒளிஞ்சு பிடிச்சுக்கிட்டிருக்கிற ஆசாமிகளும் சிக்குவாங்க. நம்ம அரசாங்கத்தோட 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' 2017-லிருந்து இலவச டூல்களும் கொடுக்குது.

ஏழு: திருட்டு நடந்துடுச்சுன்னா, பாஸ்வேர்டுகளை வேற நல்ல கம்ப்யூட்டரிலிருந்து மாத்துங்க. 'எல்லா டிவைஸிலிருந்தும் லாக்-அவுட்' கொடுங்க. அதைச் செய்யாம பாஸ்வேர்டை மட்டும் மாத்தினா, சில இடங்களில் திருடன் உள்ளேயே உட்கார்ந்திருப்பான். பணம் போயிருந்தா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, பணத்தை நடுவழியிலேயே நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. நாங்க வெட்கப்பட்டு, யோசிச்சு, ஒருநாள் கழிச்சுத்தான் சொன்னோம்.

தேனி இப்ப எப்படி இருக்கான்?

புகார் நம்பர் வந்திருக்கு, பணம் இன்னும் வரலை. விஷயம் தெரிஞ்சதும் சித்தப்பா போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தான், நானும் கேட்டேன். "போனது போகட்டும்ப்பா. உன் படிப்புக்குத்தானேன்னு கொடுத்தேன். நீ பரீட்சையைப் பாரு" என்றார். தேனி அழுதுட்டான். நான் அழாத மாதிரி நடிச்சேன்.

அன்னிக்கே சித்தப்பாகிட்ட நான் ஒரு வாக்கு கொடுத்தேன். அந்தப் பணத்தில் பாதி என் பொறுப்பு. "நீ ஏம்ப்பா கொடுக்கணும்?"னு கேட்டார். "க்ளீன்னு சொன்னது நான்தான் சித்தப்பா"ன்னேன். இந்தப் பத்திரிகையில் கிடைக்கிற இன்டர்ன் சன்மானத்தில் இதுவரைக்கும் 2,000 ரூபாய் அனுப்பியாச்சு. இந்த ஆர்ட்டிகிளுக்கு வர்றதும் தேனிக்குத்தான் போகுது.

இப்பவும் எங்க ஃப்ளோரில் லேப்டாப் கேஸ் என்கிட்டதான் வருது. பரோட்டா ஃபீஸிலும் மாற்றம் இல்லை. ஆனா, 'க்ளீன்டா'ன்னு மட்டும் இப்ப நான் சொல்றதில்லை. "இத்தனை ஃபைல் பார்த்தேன், இதெல்லாம் பார்க்க முடியலை"ன்னு ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்துடறேன். 'டாக்டர் மாதிரி சீட்டு எழுதறான்டா'ன்னு கலாய்க்கறாங்க. கலாய்ச்சுக்கட்டும்!

உங்க கம்ப்யூட்டரை இன்னிக்கு ராத்திரி ஒருதடவை முழுசா ஸ்கேன் பண்ணிட்டு, அந்தப் பொடி எழுத்து வரியைப் படிச்சுப் பாருங்க. எத்தனை சாது, எத்தனை சந்தேகக் கேஸ்னு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோமா... பை!